சிவப்புத் துணி கட்டிய காய்

அத்தியாயம் 12

போன வாரம் டெய்லரம்மாவைப் பூசணிக் கொடிக்கு நடுவில் குந்த வைத்துவிட்டு வந்தோம். பாவம், ஏழு நாளாக அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். கால் மரத்துப் போயிருக்கும். முதலில் அவளை எழுப்பி விடுவோம்.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. டெய்லரம்மா புதுத்துணி தைப்பவள் இல்லை. பிறர் தைத்ததைத் திருத்துபவள். பேன்ட் நீளம் குறைப்பாள், இடுப்பைத் தளர்த்துவாள், ஜிப் மாற்றுவாள். முன்னறையில் மெஷின். பின்கதவைத் திறந்தால் தோட்டம்.

அந்தத் தோட்டம் அவள் பெயரில் இல்லை. தங்கை பெயரில் இருக்கிறது. தங்கைக்கு நாற்பது வயது. வீட்டில் இன்னும் குட்டிதான். அம்மா உயிரோடு இருந்தபோது, "பின்பக்கத்தைக் குட்டி பேர்ல எழுதிடும்மா" என்று நச்சரித்து எழுத வைத்ததே டெய்லரம்மாதான். எல்லாம் அண்ணனுக்குப் பயந்து. அண்ணன் தச்சு வேலை செய்கிறவன். ஆறு வருஷத்துக்கு முன் பின்கதவில் வந்து நின்று, "ஓரமா ஒரு இடம் குடு, போதும். சின்னதா பட்டறை போட்டுக்கறேன்" என்றான்.

"இந்தத் தோட்டத்துல ஓரம்னு ஒன்னு கிடையாது" என்றாள் இவள்.

அவன் மறுபடி கேட்கவில்லை. அம்மா கொடுத்த ஒரு பிடி பூசணி விதையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனவன்தான். அம்மாவின் சாவுக்கு வந்தான். இவளிடம் பேசாமல் போனான். குட்டி பெயரில் இருக்கிறது, இனிக் கவலையில்லை என்று டெய்லரம்மா அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள். அந்தத் தூக்கத்தை நினைத்தால் எனக்கே இன்று ஆத்திரம் வருகிறது.

சரி, கொடிக்கு வருவோம்.

கொடியில் சிவப்புத் துணி இருக்கிறது. துணி கட்டிய காயும் இருக்கிறது. ஆனால் அது அந்தக் காய் இல்லை.

துணியின் கதை இது. பூசணி கண்டதோடும் கலக்கிற செடி. பக்கத்துத் தோட்டத்து மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து போட்டுவிட்டால், அந்த விதையிலிருந்து அடுத்த வருஷம் என்ன காய்க்கும் என்று தேனீக்குத்தான் தெரியும். அதனால் டெய்லரம்மா வருஷத்துக்கு ஒரே ஒரு பெண்பூவை, அது விரிவதற்கு முந்தின சாயங்காலமே துணியால் வாய் கட்டிவிடுவாள். விடிந்ததும் தன் கொடியின் ஆண்பூவைக் கிள்ளி வந்து, கட்டை அவிழ்த்து, தன் கையாலேயே மகரந்தத்தைத் தடவி மறுபடி கட்டுவாள். பிஞ்சு நின்றதும் அதே துணி காம்புக்கு மாறும். அதுதான் விதைக்கு விட்ட காய். மற்ற காயெல்லாம் சாப்பிடுவதற்கு. அந்த ஒன்றை மட்டும் வீட்டில் யாரும் தொடமாட்டார்கள்.

இந்த வருஷம் அது இன்னும் முக்கியம். முதல் விதைப்பு மழையில் அழுகிப்போனதால், கையிருப்பில் இருந்த விதையை எல்லாம் மண்ணில் போட்டுவிட்டாள்.

அவள் கட்டியது தூரிலிருந்து இரண்டாவது காயில். இப்போது துணி, கொடியின் நுனியில் கிடக்கும் ஒரு சோனிக் காயில் இருக்கிறது. நகத்தை வைத்தால் தோலுக்குள் இறங்குகிறது. துணியும் அவளுடையது இல்லை. நூல் பிரியாமல் இருக்க, ஓரத்தைப் பல் பல்லாக வெட்டும் கத்தரியால்தான் அவள் எதையும் வெட்டுவாள். இது நேராக வெட்டிய துணி; நாலு பக்கமும் நூல் தொங்குகிறது.

தூர் பக்கம் போய்ப் பார்த்தாள். இரண்டாவது காய் இருந்த இடத்தில் வைக்கோல் மட்டும் வட்டமாக அமுங்கியிருந்தது. வெட்டிய காம்பில் பால் காய்ந்து மினுங்கியது.

"ஏங்க, கொஞ்சம் வாங்க."

மீட்டர்காரர் டீக் கோப்பையோடு வந்தார். அவள் கணவர். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர். அட்டையில் எண்ணைக் குறித்துக் கொடுத்துவிட்டு, "இவ்வளவா?" என்று வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் கேட்டைத் தாண்டிவிடுவார். சண்டை என்றால் அவருக்கு அவ்வளவு அலர்ஜி.

"இந்தக் காயை யாரு மாத்தினது?"

"எந்தக் காயை?"

"விதைக்கு விட்ட காயை."

"துணி கட்டியிருக்கே. அதேதான்."

"நான் கட்டினது தூர் பக்கம்."

"இல்லம்மா, இதுலதான் கட்டினே. மறந்துட்டே." அவர் டீயைப் பார்த்தபடி சொன்னார். "முந்தாநாள் கண்ணாடியை நெத்தியில வச்சுக்கிட்டு வீடு பூரா தேடினவதானே நீ? வயசாகுதுல்ல."

சொல்லிவிட்டுச் சிரிக்கவும் சிரித்தார்.

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், டெய்லரம்மாவுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. நான்தான் மறந்துவிட்டேனோ? அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் வந்ததுபோல எனக்கும் வருகிறதோ? அந்த ஒரு நிமிஷத்தைத்தான் பிறகு அவளால் மன்னிக்கவே முடியவில்லை.

அவள் துணியை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டு, மீதி காய்கறியைப் பறிக்க ஆரம்பித்தாள். அன்று கடைசிப் பறிப்பு.

குளிர் இறங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்தில் மிச்சம் மீதி இருப்பதையெல்லாம் ஒட்டப் பறித்து, எல்லோரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவது இந்த வீட்டுப் பழக்கம். எப்போதும் டெய்லரம்மா வீட்டில்தான். இந்த வருஷம் குட்டி ஃபோன் பண்ணி, "எப்பப் பார்த்தாலும் நீயே செய்யறே. இந்தத் தடவை எங்க வீட்டுக்கு வாங்கக்கா" என்றாள். டெய்லரம்மா பூரித்துப் போனாள். தங்கச்சிக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று மெஷினிடம்கூடச் சொல்லிக்கொண்டாள்.

செங்காயாக ஒரு கூடை தக்காளி. முற்றின பீன்ஸ். நாலு பீட்ரூட். ஒரு கட்டுக் கீரை. எல்லாவற்றையும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாள். பக்கத்தில் மீட்டர்காரர் வழி நெடுக ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். அப்படி ஒன்றும் அற்புதமான சாலை இல்லை அது.

குட்டி ஒரு ஓட்டலில் வரவேற்பு மேஜையில் இருப்பவள். யார் வந்தாலும் உங்களுக்காகவே ஒரு அறை வைத்திருக்கிறோம் என்கிற முகம். அன்று அந்த முகம் கொஞ்சம் கூடுதலாகவே மலர்ந்திருந்தது.

"வாக்கா! கூடையைக் குடு. உட்காரு. தண்ணி குடி. உட்காருக்கா முதல்ல."

"உட்காரவா வந்தேன்? கத்தியைக் குடு."

இரண்டு பேரும் அடுப்படியில் நின்றார்கள். அக்கா தக்காளியை இரண்டாகப் பிளந்து, பூண்டு செருகித் தட்டில் அடுக்க, தங்கை அதை ஓவனில் வைத்தாள். பீன்ஸை அக்கா நார் உரித்தாள். வேகவைத்து வெண்ணெயில் புரட்டியது தங்கை. பீட்ரூட்டைத் தோலோடு அவித்து ஆறவிட்டு, கட்டைவிரலால் தள்ளினால் தோல் சட்டை மாதிரி கழன்று வரும். சின்ன வயதில் அதற்காக இரண்டு பேரும் அடித்துக்கொள்வார்கள். இன்று குட்டி நாலு பீட்ரூட்டையும் அக்காவிடமே தள்ளிவிட்டாள்.

"நீயே உரிக்கா."

டெய்லரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு நல்ல பிள்ளை! காலையில் நடந்ததைச் சொன்னால் குட்டிக்காவது புரியும் என்று தோன்றியது.

"குட்டி, விதைக்கு விட்ட காயை யாரோ அறுத்துட்டாங்கடி."

குட்டியின் கையிலிருந்த கரண்டி பாத்திரத்தில் விழுந்தது.

"அப்படியா?" என்றாள். "சாப்பாட்டுக்கு அப்புறம் பேசலாமே. சூப் ஆறிடும்."

சூப் ஏற்கெனவே தயாராக இருந்தது. நல்ல அடர்ந்த ஆரஞ்சு நிறம். கிண்ணத்தின் மேலே ஒரு கரண்டி வறுத்த விதை தூவியிருந்தாள்.

"பூசணியா? ஏது?"

"வாங்கினேங்க்கா."

இதைக் குட்டி சொல்லவில்லை. மீட்டர்காரர் சொன்னார். அதுவும் "க்கா" போட்டு. இருபத்தாறு வருஷக் குடும்ப வாழ்க்கையில் மனைவியை அவர் அக்கா என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை. ஒத்திகையில் குட்டிக்குக் கொடுத்த வசனத்தை அவசரத்தில் இவர் சொல்லிவிட்டார்.

டெய்லரம்மா கரண்டியை வாயில் வைத்தாள். விதை பற்களுக்கு இடையில் மொறுமொறுவென்று உடைந்தது. நல்ல பதமாக வறுத்திருந்தாள், உப்பும் சரியாக இருந்தது. இன்னொரு விதையை விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கரிந்த தோலுக்குக் கீழே, விளிம்பைச் சுற்றி மெல்லிய பச்சை வரி. வேறு எந்தப் பூசணிக்கும் அந்த வரி கிடையாது.

பூசணிக்காயை மறைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உலகத்துக்கே தெரியும். இவர்கள் அதைச் சூப்பில் மறைக்கப் பார்த்திருக்கிறார்கள்.

அவள் எழுந்து போய்க் குப்பைக் கூடையைத் திறந்தாள். சாம்பல் நிறத் தோல், துண்டு துண்டாக. அடியில் காம்பு. காம்பில், பல் பல்லாக ஓரம் வெட்டிய சிவப்புத் துணி. அவள் போட்ட முடிச்சு அவ்வளவு லேசில் அவிழாது. அவிழ்க்க வராததால்தான் மீட்டர்காரர் இன்னொரு துணியை வெட்டிக் கட்டியிருக்கிறார்.

காம்பைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

"எனக்கு வயசாகுதுல்ல?" என்றாள் கணவரைப் பார்த்து.

மீட்டர்காரர் கேட்டைத் தேடுவதுபோல அறையைச் சுற்றிப் பார்த்தார். இருந்த ஒரே வாசலை அவள் அடைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, கத்தாம கேளு" என்றாள் குட்டி.

"நான் கத்தலையே."

உண்மை. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர்களுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"உங்க பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் இருக்காருல்ல... க்ளினிக்குக்கு வர்றவங்க கார் நிறுத்த இடம் இல்லாம கஷ்டப்படறாங்க. அவர் கேட்டுக்கிட்டே இருந்தார். வியாழக்கிழமை எழுதிக் குடுத்துட்டேன்."

"எதை?"

"பின்பக்கத்தை."

"என் தோட்டத்தையா?"

"என் பேர்லதானேக்கா இருக்கு" என்றாள் குட்டி. மெதுவாகத்தான் சொன்னாள்.

டெய்லரம்மா கணவர் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மூணு மாசமா..." அவர் மேஜை விரிப்பை இழுத்து நேராக்கினார். "உனக்காகத்தான் சொல்றேன். குனிஞ்சு நிமிர முடியலைன்னு தினமும் முனகறே. இனிமேலாவது உட்காருவியேன்னு பார்த்தேன்."

"உட்காரட்டும்னு தோட்டத்தை வித்துட்டீங்க. ரெண்டு பல்லு கட்டித் தரேன்னாரா டாக்டர்?"

அவர் வாயை மூடிக்கொண்டார். மேல் வரிசையில் இரண்டு பல் இல்லாதது இந்தத் தொடரின் வாசகர்களுக்குத் தெரியும். டாக்டர் அப்படிச் சொன்னாரா இல்லையா என்பதைக் கடைசி வரை அவர் சொல்லவில்லை.

"அந்தக் காயை எதுக்கு அறுத்தீங்க? அது ஒன்னைத்தானே தொடாதேன்னு வச்சிருந்தேன்."

குட்டிதான் பதில் சொன்னாள். "அடுத்த வருஷம் விதைக்கப் போறதில்லையே, பெரிய காய், எதுக்கு வீணாகணும்னு... இதுதான் கடைசிச் சாப்பாடு, நல்லா இருக்கட்டும்னு நினைச்சேங்க்கா. சாப்பிட்டு முடிச்சதும் பக்குவமா உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தோம்."

"இருந்தோம்" என்று அவள் சொன்னதுதான் நெஞ்சில் குத்தியது. தனக்குத் தெரியாமல் இவர்கள் இருவரும் ஒரு கட்சியாகி, மூன்று மாதம் ஃபோனில் பேசி, எந்தக் காய் என்று பார்த்து, யார் அறுப்பது, யார் வறுப்பது என்று பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த மூன்று மாதமும் டெய்லரம்மா இவருக்குச் சட்டைப் பொத்தான் தைத்துக் கொடுத்திருக்கிறாள். இவளுக்கு வாராவாரம் கீரை கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

அப்போதும் அவளுக்கு ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. ஒவ்வொரு வருஷமும் விதையை இரண்டு பங்காகப் பிரித்து ஒரு பங்கைக் குட்டியிடம் கொடுத்து வைப்பாள். ஒரு வீட்டில் போனாலும் இன்னொரு வீட்டில் இருக்குமே என்று. குட்டி அதை மொட்டை மாடித் தொட்டியில் போட்டிருந்தாள். "ரெண்டு இலை விட்டிருக்குக்கா", "இன்னைக்குப் பூ வந்திருக்குக்கா" என்று ஆறு வருஷமாக ஃபோனில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மூன்று மாடி ஏற முட்டி ஒத்துழைக்காததால் டெய்லரம்மா போய்ப் பார்த்ததில்லை. கேட்டே சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

"உன் பங்கு விதை இருக்குல்ல? தொட்டி மேலதானே இருக்கு? நானே போய்ப் பார்த்துக்கறேன்."

குட்டி சட்டென்று அவள் கையைப் பிடித்தாள்.

"மேல ஏறாதேக்கா. முட்டி வலிக்கும்."

அதற்குப் பிறகு ஏறிப் பார்க்க என்ன இருக்கிறது?

"எப்பவாவது ஒரு தடவையாவது போட்டியாடி?"

குட்டியின் முகத்திலிருந்து ஓட்டல் சிரிப்பு முதல் தடவையாக இறங்கியது. "முதல் வருஷம் போட்டேன், வரல. அடுத்த வருஷம் நீ அவ்வளவு ஆசையாக் கேட்டே. என்ன சொல்றதுன்னு தெரியாம இலை விட்டிருக்குன்னு சொல்லிட்டேன். அப்புறம் நிறுத்த முடியல."

"விதையெல்லாம்?"

"வறுத்துச் சாப்பிட்டேன்."

டெய்லரம்மா தன் கிண்ணத்தைப் பார்த்தாள். பாதிக் கிண்ணம் சூப் மிச்சம் இருந்தது, மேலே பத்துப் பன்னிரண்டு விதை மிதந்தது. இந்த இருவரோடும் இனி ஒரு வாய்கூடச் சாப்பிட முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. ஓவனில் தக்காளி கருகும் வாசனை வந்தது. யாரும் எழுந்து போய் அணைக்கவில்லை. அவளே போய் அணைத்தாள். பழக்க தோஷம்.

காலிக் கூடையை எடுத்துக்கொண்டாள்.

"எங்க போறே? நானும் வரேன் இரு" என்றார் மீட்டர்காரர்.

"நீங்க சாப்பிடுங்க. அவ்வளவு கஷ்டப்பட்டு அறுத்து, முன்கூட்டியே கொண்டாந்து குடுத்திருக்கீங்க."

அண்ணன் விலாசம் எழுதிய துண்டுக் காகிதம் மெஷின் டிராயரில், பாபின் டப்பாவுக்கு அடியில் ஆறு வருஷமாக இருக்கிறது. அவள் அதை எடுக்க வீட்டுக்குப் போகவில்லை. மனப்பாடமாகத் தெரியும். பஸ் கடைசி வரை போகும், அங்கிருந்து பத்து நிமிஷ நடை. இவ்வளவு பக்கம்தான். போகாமல் இருந்தது தூரத்தினால் இல்லை.

தகரக் கூரை போட்ட பட்டறை. உள்ளே இழைப்புளி ஓடும் சத்தம். முன்னால் இடுப்புயர இரும்புக் கேட், தாழ்ப்பாள் போட்டிருந்தது. வேலியை ஒட்டி ஒரு கொடி பழுத்துக் கிடந்தது. அதில் சாம்பல் நிறக் காய்கள். தூரிலிருந்து இரண்டாவது காயின் காம்பில், பலகையில் கோடு அடிக்கும் சிவப்பு நூலைச் சுற்றிக் கட்டியிருந்தான்.

டெய்லரம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதுவரை வராத அழுகை அந்த நூலைப் பார்த்ததும் வந்தது. வீட்டில் இருந்த இரண்டு பேர் வறுத்துத் தின்றதை, வீட்டை விட்டு விரட்டப்பட்டவன் காப்பாற்றி வைத்திருக்கிறான்.

சத்தம் நின்றது. அண்ணன் கையைத் தட்டிக்கொண்டே வெளியே வந்தான். தலைமுடி முழுக்க நரைத்திருந்தது, அல்லது மரத்தூள். இவ்வளவு தூரத்திலிருந்து அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"யாரு வேணும்?"

"நான்தாண்ணா."

"அது தெரியுது. யாரு வேணும்னு கேட்டேன்."

அவளுக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. அன்றைக்குக் கேட்ட பொய்யே போதும் போதும் என்று இருந்தது. "விதை வேணும்ணா. விதைக்கு விட்ட காயை அறுத்துச் சூப் வச்சுட்டாங்க. விதையை வறுத்துட்டாங்க."

"யாரு?"

"நம்ம ஆளுங்கதான்."

அண்ணன் மூக்கால் சிரித்தான். "நம்ம ஆளுங்கதானே செய்வாங்க." கேட் வரைக்கும் வந்தான். "விதை தரேன். எங்க போடுவே?"

அவள் அதை யோசிக்கவே இல்லை. கடைசி ஸ்டாப் வரை பஸ்ஸில் வந்திருக்கிறாள், விதையைப் பற்றி மட்டும் நினைத்துக்கொண்டு.

"பின்பக்கம் போயிடுச்சுண்ணா. குட்டி எழுதிக் குடுத்துட்டா."

"குட்டி பேர்ல எழுதச் சொன்னது யாரு?"

"நான்தான்."

அவள் வேலியோரத்துக் கொடியைப் பார்த்தாள். அதற்கு அப்பால், பட்டறைச் சுவருக்கும் வேலிக்கும் நடுவே நாலடி அகலத்துக்கு வெறும் மண் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் வாயைத் திறந்தாள்.

"ஓரமா ஒரு இடம் குடுண்ணா, போதும்."

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்பது அவள் காதில் விழுந்தது. அவன் காதிலும் விழுந்துவிட்டது. அவன் முகத்திலேயே தெரிந்தது.

அண்ணன் தாழ்ப்பாளின் மேல் கையை வைத்தான். திறக்கவா, சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்க்கவா என்று அவளுக்குத் தெரியவில்லை. காலிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றாள்.